அதிமதுர வாசனை அடித்த ஆறு

2014-ஆம் ஆண்டு ஜனவரி 9, வியாழக்கிழமை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத் தலைநகரான சார்ல்ஸ்டனில் காலையிலேயே ஒரு விநோத வாசனை. அந்த ஊர்க்காரர்கள் அதை உடனே அடையாளம் சொன்னார்கள். அதிமதுரம்! நமக்கு அதிமதுரம் என்றால் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வேர். அவர்களுக்கு அது குழந்தைகள் தின்னும் கறுப்பு மிட்டாய். மிட்டாய் வாசனை யாரைப் பயமுறுத்தும்? ஆனால் ஊர் முழுக்க ஏன் மிட்டாய் வாசனை என்ற கேள்விக்குத்தான் யாரிடமும் பதில் இல்லை.

புகார்கள் வரவே, மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் ஆய்வாளர்கள் வாசனையைப் பிடித்துக்கொண்டே போனார்கள். அது எல்க் ஆற்றங்கரையில் இருந்த ஒரு ரசாயனக் கிடங்கில் கொண்டுபோய் விட்டது. ஃபிரீடம் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்தின் கிடங்கு அது. அங்கே 396 என்ற எண் கொண்ட டாங்கின் அடித்தகட்டில் துரு அரித்துத் துளை விழுந்திருந்தது. சுற்றிலும் கட்டியிருந்த தடுப்புச் சுவரிலும் விரிசல். எண்ணெய் போன்ற திரவம் மண்ணுக்குள் இறங்கி ஆற்றில் கலந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 40,000 லிட்டர் கசிந்ததாகப் பின்னாளில் கணக்கிடப்பட்டது. ஆனால் முதல் நாள் சொன்ன கணக்கு இதைவிட மிகக் குறைவு. அது நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது.

ஆற்றோட்டத்தில் சுமார் இரண்டரை கிலோமீட்டர் கீழே இருந்தது ஊரின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம். அந்த நிலையம் ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்க ஒரே ஒரு வாய்தான். மாலை 6 மணி அளவில் அறிவிப்பு வந்தது: "குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், சமைக்காதீர்கள், குளிக்காதீர்கள், துவைக்காதீர்கள். கழிவறைக்கும் தீயணைக்கவும் மட்டும் பயன்படுத்தலாம்." 9 மாவட்டங்கள், 3 லட்சம் மக்கள்!

இது விபத்தின் கதை. ஆனால் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போவது அதன் பிறகு நடந்ததை. அடுத்த நாள் காலை ஆய்வகத்தின் முன் வந்து நின்ற கேள்வி இதுதான்: தண்ணீரில் அந்தப் பொருள் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது? கேட்பதற்கு மிகச் சாதாரணமான கேள்வி. பதில் சொல்லப் பல வாரங்கள் ஆனது.

நிலக்கரியைக் கழுவும் ரசாயனம்

பிளஸ் டூ வேதியியலில் "நுரை மிதப்பு முறை" படித்திருப்பீர்கள். தாதுவைப் பொடியாக அரைத்துத் தண்ணீரில் கலக்கி, பைன் எண்ணெய் சேர்த்துக் காற்றை ஊதினால், தாது நுரையோடு மேலே வரும், மண்ணும் கல்லும் கீழே தங்கும். இந்த முறை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கப் பகுதியில் தொழிலாக வளர்ந்து, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. தாதுவுக்கு மட்டும் அல்ல, பொடி நிலக்கரியைச் சுத்தம் செய்யவும் இதே முறைதான். மேற்கு வர்ஜீனியா நிலக்கரி மாநிலம். எனவே நுரை உண்டாக்கும் ரசாயனங்களுக்கு அங்கே நல்ல சந்தை.

டாங்கில் இருந்தது அப்படிப்பட்ட ஒரு ரசாயனம். பெயர் 4-மெத்தில்சைக்ளோஹெக்சேன்மெத்தனால். சுருக்கமாக எம்.சி.எச்.எம். அதுவும் தூய பொருள் அல்ல, "கச்சா" எம்.சி.எச்.எம். என்று விற்கப்பட்ட கலவை. ஏழெட்டுப் பொருட்கள் அதில் இருந்தன. நிலக்கரி கழுவ அந்தத் தூய்மை போதும், விலையும் குறைவு. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் லாபம். அந்தக் கலவையை ஒருநாள் மனிதர்கள் குடிக்க நேரும் என்று இருவருமே நினைத்திருக்க மாட்டார்கள்.

சட்டமும் நினைக்கவில்லை. அமெரிக்காவின் நச்சுப் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 1976-இல் வந்தபோது, ஏற்கெனவே சந்தையில் இருந்த சுமார் 62,000 ரசாயனங்கள் சோதனை எதுவும் இல்லாமல் அப்படியே தொடர அனுமதிக்கப்பட்டன. எம்.சி.எச்.எம். அந்தப் பட்டியலில் ஒன்று. குடிநீர்ச் சட்டத்தின் கீழ் வழக்கமாகச் சோதிக்கப்படும் 90-க்கும் மேற்பட்ட பொருட்களில் அது இல்லை. ஆக, குடிநீரில் அதை அளக்க அங்கீகரிக்கப்பட்ட சோதனை முறை என்று எதுவும் 2014 ஜனவரி 9 அன்று இல்லை.

தெரியாத பொருளை அளப்பது எப்படி?

ஆய்வகக் கருவி என்றால் தண்ணீரை ஊற்றினால் உள்ளே இருப்பதையெல்லாம் பட்டியல் போட்டுக் கொடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தேடச் சொன்னதைத்தான் அது தேடும்.

இந்த மாதிரிப் பொருளுக்கு கேஸ் குரோமடோகிராப் என்ற கருவி பயன்படுகிறது. முதலில் ஒரு கரைப்பானைச் சேர்த்துக் குலுக்கி, தண்ணீரில் உள்ள கரிமப் பொருளை அந்தக் கரைப்பானுக்குள் இழுக்க வேண்டும். பிறகு அதில் ஒரு துளியைக் கருவிக்குள் செலுத்தினால், அது ஆவியாகி, நீண்ட மெல்லிய குழாய்க்குள் பயணம் செய்யும். ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நேரத்தில் மறுமுனையில் வெளியே வரும். வரும்போது தாளில் ஒரு முகடு விழும். முகடு பெரிதானால் பொருள் அதிகம்.

ஆனால் எந்த முகடு எந்தப் பொருளுடையது? அதற்குத் தூய மாதிரி வேண்டும். தெரிந்த அளவுகளில் அதைக் கரைத்து, கருவியில் ஓட்டி, முகடுகளை அளந்து வைத்துக்கொண்டால்தான் தெரியாத தண்ணீரை அதனோடு ஒப்பிட முடியும். கையில் படிக்கல் இல்லாமல் தராசை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? எம்.சி.எச்.எம். விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது சிஸ், டிரான்ஸ் என்ற இரண்டு வடிவங்களில் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனி முகடு.

தேசியக் காவற்படையின் ஆய்வகக் குழுவும், அந்தப் பள்ளத்தாக்கில் இருந்த ரசாயன ஆலைகளின் ஆய்வகங்களும் இரவு பகலாக வேலை செய்து, இருக்கும் முறைகளை மாற்றி அமைத்து, சில நாட்களுக்குள் எண்களைத் தர ஆரம்பித்தன. இது உண்மையிலேயே பாராட்ட வேண்டிய வேலை.

ஆனால் எண் கிடைத்தால் மட்டும் போதுமா? எந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் குடிக்கலாம்?

1 என்ற எண் எப்படி வந்தது?

நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. ஒரு வரம்பைச் சொன்னது: 1 பிபிஎம். அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மொட்டை மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியில் 1 கிராம் கலந்தால் அதுதான் 1 பிபிஎம்.

கணக்கு இதுதான். தயாரிப்பாளரான ஈஸ்ட்மேன் நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பு எலிகளுக்கு நான்கு வாரம் எம்.சி.எச்.எம். கொடுத்துப் பார்த்திருந்தது. எலியின் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் வரை பாதிப்பு தென்படவில்லை. எலி வேறு, மனிதன் வேறு என்பதற்காகப் பத்தால் வகுத்தார்கள். மனிதர்களில் பலவீனமானவர்கள் இருப்பார்கள் என்பதற்காக மீண்டும் பத்து. தகவல் போதாது என்பதற்காக இன்னொரு பத்து. மொத்தம் ஆயிரம். மீதி 0.1 மில்லிகிராம். 10 கிலோ எடையுள்ள குழந்தை ஒரு நாளைக்கு 1 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 1 மில்லிகிராம். அதுதான் 1 பிபிஎம்.

வகுத்தல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அடிப்படை? அந்தச் சோதனை தூய எம்.சி.எச்.எம்.-ஐ வைத்துச் செய்யப்பட்டது. ஆற்றில் கலந்ததோ கச்சா கலவை. குடிப்பதை மட்டும்தான் கணக்கில் எடுத்தார்கள். வெந்நீரில் குளிக்கும்போது ஆவியாக மூச்சில் போவது கணக்கில் இல்லை.

ஜனவரி 13 முதல் பகுதி பகுதியாகத் தடை நீக்கப்பட்டது. வெந்நீர்க் குழாயை 15 நிமிடம், குளிர்நீர்க் குழாயை 5 நிமிடம் திறந்து விட்டுவிட்டுப் பயன்படுத்தலாம் என்று சொன்னார்கள். மக்கள் குழாயைத் திறந்தார்கள். வீடு முழுக்க அதிமதுர வாசனை! ஜனவரி 15 அன்று சி.டி.சி. மீண்டும் ஒரு அறிவிப்பு விட்டது: பொருள் முழுவதும் மறையும் வரை கர்ப்பிணிகள் வேறு தண்ணீரைக் குடிப்பது பற்றி யோசிக்கலாம். அதற்குள் ஆயிரக்கணக்கான வீடுகளில் குழாய் திறந்தாயிற்று. குடித்துவிட்ட கர்ப்பிணிகளின் மனநிலை எப்படி இருந்திருக்கும்?

ஜனவரி 21 அன்று இன்னொரு இடி. டாங்கில் எம்.சி.எச்.எம். மட்டும் அல்ல, பி.பி.எச். என்ற வேறொரு ரசாயனமும் கலந்திருந்தது என்று நிறுவனம் அப்போதுதான் சொன்னது. கசிந்து 12 நாள் கழித்து! வியாபார ரகசியம் என்ற போர்வையில் அதன் பெயர் மறைந்திருந்தது. ஆய்வகங்கள் எடுத்து வைத்திருந்த பழைய தண்ணீர் மாதிரிகளை மறுபடி சோதிக்க வேண்டியதாயிற்று. தேடச் சொல்லாததை யாரும் தேடியிருக்கவில்லை.

"கண்டறியப்படவில்லை" என்றால் "இல்லை" என்று அர்த்தமா?

இந்த வரலாற்றில் மிக முக்கியமான இடம் இதுதான்.

மாநில அரசு 1 பிபிஎம்-மை விட நூறு மடங்கு கடுமையான ஒரு வரம்பை எடுத்துக்கொண்டது: 10 பிபிபி. பிபிபி என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. அதே 1,000 லிட்டர் தொட்டியில் 1 மில்லிகிராம். 10 பிபிபி-க்குக் கீழே இருந்தால் "கண்டறியப்படவில்லை" என்று அறிக்கை வந்தது. பள்ளிகளில் எடுத்த மாதிரிகள் பலவற்றுக்கும் இதே முடிவு. ஆனால் பிப்ரவரி தொடக்கத்தில் சில பள்ளிகளில் அதே வாசனை வந்து, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

அறிக்கை இல்லை என்கிறது. மூக்கு இருக்கிறது என்கிறது. எதை நம்புவது?

அப்போது பலரும் மக்களின் பயம்தான் வாசனையாகத் தெரிகிறது என்று நினைத்தார்கள். உண்மையில் மூக்குதான் சரி! பின்னர் வாசனை நிபுணர்களை வைத்துச் சோதித்தபோது, 1 பிபிபி-க்கும் வெகு கீழேயே மனித மூக்கு அந்தப் பொருளைக் கண்டுபிடித்துவிடுகிறது என்று தெரிந்தது. அதிமதுர வாசனைக்கு முக்கியக் காரணம் டிரான்ஸ் வடிவம் என்பதை வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

மூட்டை நிறுக்கும் தராசில் ஒரு குன்றிமணியை வைத்தால் முள் அசையாது. அதற்காகத் தட்டில் குன்றிமணி இல்லை என்று சொல்ல முடியுமா? நகைக்கடைத் தராசில் வைத்தால் தெரியும். "கண்டறியப்படவில்லை" என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒரு எண் ஒளிந்திருக்கிறது. "இந்த அளவுக்குக் கீழே எங்கள் கருவிக்குத் தெரியாது" என்பதுதான் அதன் முழு வாக்கியம்.

வணிகவியல் மாணவர்களுக்கு இது புதிதல்ல. தணிக்கையாளர் எல்லா வவுச்சர்களையும் பார்ப்பதில்லை, மாதிரிக்குச் சிலவற்றைப் பார்க்கிறார். "குறிப்பிடத்தக்க தவறு ஏதும் காணப்படவில்லை" என்று எழுதினால், தவறே இல்லை என்று பொருளல்ல. எவ்வளவு பெரிய தவறைத் தேடினார் என்பதைப் பொறுத்தது அது.

டிஸா ஆற்றில் நடந்தது வேறு

இங்கே வேறொரு நாட்டில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்று ருமேனியாவின் பாயா மாரே நகருக்கு அருகே, தங்கம் பிரிக்கும் ஆலையின் கழிவுநீர் அணை உடைந்தது. சயனைடு கலந்த சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் நீர் ஆறுகளில் பாய்ந்து, ஹங்கேரியின் டிஸா ஆறு வழியாக டான்யூப் வரை போனது. ஹங்கேரியில் மட்டும் ஆயிரம் டன்னுக்கு மேல் மீன்கள் செத்தன.

சயனைடு, எம்.சி.எச்.எம்.-ஐ விடப் பல மடங்கு கொடியது. ஆனாலும் டிஸா ஆற்று நீரைக் குடிநீராக எடுத்த சோல்னோக் போன்ற நகரங்கள் தப்பித்தன. காரணம் என்ன? சயனைடை அளக்கும் முறை காலம்காலமாக ஆய்வகங்களுக்குத் தெரியும். வரம்பு எவ்வளவு என்பதும் தெரியும். நச்சு அலை எங்கே வருகிறது என்று அளந்துகொண்டே, அது வரும் நேரத்தில் தண்ணீர் எடுக்கும் வாயை மூடி, போன பிறகு திறந்தார்கள். கொடிய விஷத்தைச் சமாளித்துவிட்டார்கள், பெயர் தெரிந்த விஷம் என்பதால். சார்ல்ஸ்டன் மக்களை வதைத்தது தெரியாமை.

பத்து வீடுகள்

ஆண்ட்ரூ வெல்டன் என்ற சுற்றுச்சூழல் பொறியியல் பேராசிரியர் அப்போது தெற்கு அலபாமா பல்கலைக்கழகத்தில் இருந்தார். ஜனவரியிலேயே தன் மாணவர்களுடன் சார்ல்ஸ்டனுக்கு வந்து வீடு வீடாகக் குழாய்த் தண்ணீரைச் சோதிக்க ஆரம்பித்தார். அதுவரை அரசு சோதித்தவை பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையம், தீயணைப்புக் குழாய் போன்ற இடங்கள். மக்கள் குடிப்பதோ வீட்டுக் குழாயில்!

பிப்ரவரியில் மாநில அரசே அவரிடமும் இன்னொரு நிபுணரிடமும் ஒரு ஆய்வுத் திட்டத்தை ஒப்படைத்தது. பத்து வீடுகளைத் தேர்ந்தெடுத்து, நகைக்கடைத் தராசு போன்ற நுண்ணிய முறையில் சோதித்தார்கள். பல வீடுகளில் எம்.சி.எச்.எம். இருந்தது, ஆனால் எல்லாம் 10 பிபிபி-க்குக் கீழே. பழைய முறையில் பார்த்திருந்தால் பத்து வீடுகளுக்கும் "கண்டறியப்படவில்லை" என்றுதான் வந்திருக்கும்.

மார்ச் மாதத்தில் இன்னொரு உண்மை வெளிவந்தது. ஆற்று நீரில் எம்.சி.எச்.எம். இல்லை. சுத்திகரித்து வெளியே வரும் நீரில் இருந்தது! அளவு 1 பிபிபி-க்கும் கீழே. எங்கிருந்து வந்தது? ஜனவரியில் ரசாயனத்தை உறிஞ்சிக்கொண்ட கரி வடிகட்டிகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப விட்டுக்கொண்டிருந்தன. ஊரைக் காப்பாற்ற வேண்டிய வடிகட்டியே ஊற்றுக்கண் ஆகிவிட்டது. பிறகு எல்லா வடிகட்டிகளின் கரியும் மாற்றப்பட்டது. நுண்ணிய சோதனை இல்லாவிட்டால் இது தெரிந்தே இருக்காது.

பால்பொடி கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தை, குளியலில் மூச்சில் போவது, தோலில் படுவது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நிபுணர் குழு கணக்கிட்டது. ஏப்ரலில் அவர்கள் சொன்ன வரம்பு 120 பிபிபி. முதலில் சொன்ன 1 பிபிஎம்-மில் எட்டில் ஒரு பங்கு! பின்னர் அரசு நச்சியல் திட்டத்தின் விலங்குச் சோதனைகள் நடந்தன. மக்கள் குடித்த அளவில் நீண்டகால பாதிப்புக்கு வாய்ப்பு குறைவு என்றே அவை காட்டின. நல்ல செய்திதான். ஆனால் அது குடித்து இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த நல்ல செய்தி.

யார் எவ்வளவு கொடுத்தார்கள்?

உடம்பு சரியில்லை என்று மருத்துவமனைக்கு வந்தவர்களில் 369 பேரின் குறிப்புகள் இந்தத் தண்ணீரோடு தொடர்புடையவையாக இருக்கலாம் என்று எடுக்கப்பட்டன. குமட்டல், வாந்தி, தோல் அரிப்பு போன்றவை. உயிரிழப்பு இல்லை. ஓட்டல்கள், கடைகள் மூடப்பட்டதால் முதல் மாதத்தில் மட்டும் 6.1 கோடி டாலர் இழப்பு என்று மார்ஷல் பல்கலைக்கழகம் மதிப்பிட்டது.

ஃபிரீடம் இண்டஸ்ட்ரீஸ் கசிவு நடந்த 8-வது நாளே திவால் மனு கொடுத்தது. 2016-இல் நீதிமன்றம் அதற்கு 9 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. கையில் காசு இல்லாத நிறுவனத்துக்கு அபராதம்! அது வெறும் அடையாளம்தான். நிறுவனத் தலைவருக்கு 30 நாள் சிறை. மக்கள் தொடர்ந்த வழக்கில் குடிநீர் நிறுவனமும் ஈஸ்ட்மேனும் சேர்ந்து 15.1 கோடி டாலர் வரை தர 2016-இல் ஒப்புக்கொண்டன.

2014-இல் மாநிலத்தில் டாங்குகளைப் பதிவு செய்து பரிசோதிக்கச் சட்டம் வந்தது. 2015-லேயே பல டாங்குகளுக்கு அதிலிருந்து விலக்கும் வந்தது! 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 2016 ஜூன் மாதத்தில் திருத்தப்பட்டு, சந்தையில் உள்ள பழைய ரசாயனங்களையும் படிப்படியாக ஆராய வேண்டும் என்று ஆனது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்றாலும், மற்ற ஊர்களின் கண்ணுக்காவது உதவும்.

ஒரு ரசாயனத்தை விற்க அனுமதிக்கும் முன்பே அதைத் தண்ணீரில் அளக்கும் முறையும் தூய மாதிரியும் ஆய்வகங்களிடம் இருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு 15.1 கோடி டாலருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இது அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டிய வேலை.

குழாயடியில் நிற்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தண்ணீர்ச் சோதனை அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று பார்த்தால் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். எதைத் தேடினீர்கள்? எந்த அளவுக்குக் கீழே உங்களுக்குத் தெரியாது? சார்ல்ஸ்டனில் இந்தக் கேள்விகளை முதலில் கேட்டது படித்த நிபுணர்கள் அல்ல. குழாயைத் திறந்து மோந்து பார்த்த வீட்டுக்காரர்கள்தான்.